தொடர்பாடற் கல்வியும் நூலகத் துணையும்: வன்னி நிலத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

தமிழாராய்ச்சியின் வரலாற்றிலே மூலத்தைத் தேடும் பணிக்கு ஈழத்தவர் ஒருவர் முன்னோடியாய் நின்றார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏட்டுச் சுவடிகள் செல்லரித்தும் ஓரம் உதிர்ந்தும் அழிவதைக் கண்டு கவன்று, அவற்றைத் தேடியெடுத்து, ஒப்புநோக்கி, அச்சேற்றினார். 1887இல் அவர் வெளியிட்ட கலித்தொகையின் பதிப்புரை அக்கவலையின் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆயின், அவரே சென்னையில் ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகையின் ஆசிரியராகவும் பணியாற்றியவர் என்பது பலர் நினைவிற் கொள்ளாத செய்தி. ஏட்டைப் பேண வேண்டும் என்ற உணர்ச்சி அவர்க்குப் பின்வந்த தமிழறிஞரிடையே வேரூன்றிற்று. பத்திரிகைத் தாளைப் பேண வேண்டும் என்ற உணர்ச்சியோ அத்துணை வேரூன்றவில்லை. இன்று காலை படித்த தாள் நாளை கடையிற் பொதி சுற்றுதற்கு உதவும் என்பதே பொதுவழக்கு.

இவ்வழக்கினால் இலக்கிய மாணவனுக்குப் பெரிதும் இழப்பில்லை எனினும், தொடர்பாடற் கல்வியை மேற்கொள்ளும் மாணவனுக்கு இழப்பு மிகப் பெரிது. இலக்கிய மாணவனுக்குச் செய்யுள் எதுவோ, அதுவே தொடர்பாடல் மாணவனுக்குப் பத்திரிகைத் தாளும், துண்டுப் பிரசுரமும், வானொலி ஒலிப்பதிவும், சுவரொட்டியும். மூலம் இல்லாதவிடத்து உரை எழுதுவோன், பிறர் உரைக்கு உரை எழுதுவோனாகவே முடிவான். எனவே, தொடர்பாடற் கல்விக்கு நூலகம் அளிக்கும் துணை யாது, அளிக்கவேண்டிய துணை யாது, இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு எத்துணைத்து என்பன வன்னி நிலத்தை முன்வைத்து ஆராயத்தக்கன.

இவ்வாராய்ச்சிக்கு உடனடித் தேவையும் உண்டு. கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரத்திலே ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ ஒரு பாடமாக அமைந்துள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இயங்குகின்றது. வன்னிப் பெருநிலத்திலோ, 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் வணிகத்தையும் அறிவியலையும் தொழினுட்பத்தையும் முதன்மையாகக் கொண்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களும் விவசாயம், பொறியியல், தொழினுட்பம் ஆகியவற்றுக்கு உரியன. ஆகவே, தொடர்பாடலைக் கற்க விழையும் வன்னி மாணவன் வேற்றூர் சென்று கற்கின்றான். அன்றேல், புறநிலைப் பரீட்சார்த்தியாகத் தன்னூரிலிருந்தே படிக்கின்றான். முன்னவனுக்கு நூலகம் உண்டு, தன்னூர்ச் சான்றுகள் அங்கு அரியன. பின்னவனுக்குச் சான்றுகள் கண்முன் உள, அவற்றைத் திரட்டித் தரும் நூலகம் இல்லை.

ஒரே மனையிற் பிறந்த இரு துறைகள்

தொடர்பாடலியலை வானொலி, தொலைக்காட்சி, இணையம் முதலிய கருவிகளின் இயலாகக் கருதுவோர், அதற்கும் நூலகத்திற்கும் யாது உறவு என வினவுதல் கூடும். அத்துறை வளர்ந்த வரலாறே அவ்வினாவுக்கு விடையாகும். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் நூலகவியற் கல்விக்கூடத்திலே, மக்கள் எவற்றைப் படிக்கின்றனர், படிப்பதனால் அவர்க்கு விளைவது யாது என்னும் வினாக்களை டக்ளஸ் வேப்பிள்ஸ் என்பார் ஆராய்ந்தார். படிப்பின் விளைவு பற்றி 1940இல் வெளிவந்த நூலை அவருடன் சேர்ந்து எழுதியோருள் ஒருவர் பேர்னாட் பெரெல்சன். 1941இல் அக்கல்விக்கூடத்திலேயே கலாநிதிப் பட்டம் பெற்ற பெரெல்சன் பின்னர் அதன் பீடாதிபதியாகவும் விளங்கினார். தொடர்பாடல் ஆராய்ச்சியின் உயிர்நிலையாகிய உள்ளடக்கப் பகுப்பாய்வு முறையை ஒழுங்குபடுத்தி 1952இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. நூலகத்திலே வாசகரை நோக்கி எழுந்த வினாவே தொடர்பாடலியலின் ஊற்றுக்கண்களுள் ஒன்று என்பது இதனாற் பெறப்படும்.

பெரெல்சனின் ஆராய்ச்சிகளுள் வன்னிக்குத் தனிப்பொருத்தம் உடையது ஒன்று உண்டு. 1945இல் நியூயோர்க் நகரிலே பத்திரிகை விநியோகிப்போர் வேலைநிறுத்தம் செய்தமையால் இரு வாரங்களுக்கு மேலாக மக்கள் கைக்கு நாளிதழ் எட்டவில்லை. அக்காலத்தில் வாசகரைக் கண்டு, பத்திரிகை வாராமையால் அவர் இழந்தது யாது என உசாவி, 1949இல் அவர் தம் முடிபுகளை வெளியிட்டார். செய்தி அறியாமை மட்டுமே இழப்பன்று. நாளாந்த அலுவல்களுக்கான அறிவித்தல், பிறரோடு பேசுதற்கான பொருள், கவலையினின்று சற்று விலகி இளைப்பாறும் வழி, காலை எழுந்ததும் கையிலெடுக்கும் பழக்கம் ஆகிய யாவும் ஒருங்கே இழக்கப்பட்டன என்பது அவர் கண்டது.

நியூயோர்க்கில் இரு வாரங்கள் நிகழ்ந்தது வன்னியில் ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்தது. தொண்ணூறுகளிற் பொருளாதாரத் தடையினாலும், 2006 ஓகஸ்டின் பின் கண்டி வீதி அடைக்கப்பட்டமையாலும், தென்னிலங்கைத் தாள்கள் வன்னியை எட்டுதல் அரிதாயிற்று. அக்காலத்திலே மரண அறிவித்தல் எவ்வாறு உறவினரைச் சென்றடைந்தது? பரீட்சை முடிவு எவ்வாறு அறியப்பட்டது? வானொலியை இயக்க மின்கலம் கிடையாத வீட்டினர் எவரிடஞ் சென்று கேட்டனர்? கேட்டவர் சொன்னது அடுத்த குடியிருப்பை அடையுமுன் எவ்வளவு மாறிற்று? உலகத் தொடர்பாடல் ஆராய்ச்சியில் இடம்பெறத் தகுந்த வினாக்கள் இவை. இவற்றுக்கு விடை கூறத்தக்கோர் இன்றும் வன்னியில் வாழ்கின்றனர். எனினும், பெரெல்சனின் ஆய்வைத் தன் வினாத்தாளிற் குறிப்பிடும் மாணவன் அதனைத் தன் தாயின் அனுபவத்தோடு பொருத்தி நோக்குதற்கு வழிகாட்டுவார் அரியர்.

ஐந்து வினாக்களும் ஒரு பேரிடரும்

ஹறல்ட் லாஸ்வெல் 1948இல் வகுத்த ஐந்து வினாக்களைத் தொடர்பாடல் மாணவர் யாவரும் அறிவர். சொல்பவர் யார், சொல்லப்பட்டது யாது, எவ்வழியாற் சொல்லப்பட்டது, யாருக்குச் சொல்லப்பட்டது, விளைந்த பயன் யாது என்பன அவை. இவற்றை மனனம் செய்து ஒப்புவித்தல் எளிது. ஒரு நிகழ்ச்சியின்மேல் ஏற்றிப் பார்க்கும்போதே நூலகத் துணையின் அருமை புலனாகும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைப் பேரழிவுக்கு உள்ளாக்கிற்று. அப்போது கொழும்பிலிருந்து வீரகேசரி, தினகரன், தினக்குரல் ஆகிய நாளிதழ்களும், யாழ்ப்பாணத்திலிருந்து உதயனும், வன்னியிலிருந்து ஈழநாதமும் வெளிவந்தன. முல்லைத்தீவு மாணவன் ஒருவன் தன்னூரின் துயரம் இவ்வைந்து தாள்களிலும் எவ்வாறு உரைக்கப்பட்டது என ஆராய விரும்புகின்றான் எனக் கொள்வோம். முதல் வினாவுக்கு விடை காண, ஒவ்வொரு தாளின் உடைமை, ஆசிரியர், செய்தியாளர், எந்த ஆட்சியின்கீழ் அச்சானது என்பவற்றைக் கூறும் குறிப்புகள் வேண்டும். இரண்டாம் வினாவுக்கு, ஐந்து தாள்களினதும் ஒரே திகதியிட்ட இதழ்கள், குறைந்தது ஒரு திங்களுக்கேனும், ஒரே மேசையில் விரிக்கப்படல் வேண்டும். தலைப்பு எத்தனை பத்தி அகலத்தது, இறந்தோர் எண்ணிக்கை எவ்வாறு மாறிற்று, மீனவர் தாமே பேசும் இடங்கள் எத்தனை, நிவாரணம் அளிப்போர் பேசும் இடங்கள் எத்தனை என எண்ணுதலே உள்ளடக்கப் பகுப்பாய்வு. வரையறுத்த வகைகளைக் கொண்டு இருவர் தனித்தனி எண்ணி, இருவர் எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒத்துவரினன்றி அப்பகுப்பாய்வு நம்பத்தக்கதாகாது. இதழ்களின் தொடர்ச்சி இடையறுமாயின் எண்ணிக்கைக்குப் பொருளேயில்லை.

மூன்றாம் வினாவுக்கு, தாள் எவ்வீதி வழியாக எந்நாளில் எவ்வூரை அடைந்தது என்பது தெரிதல் வேண்டும். நான்காவதற்கு, வாசிகசாலைகளில் எவர் படித்தனர் என்பதும், ஐந்தாவதற்கு, ஆசிரியருக்கு வந்த கடிதங்களும் படித்தோர் நினைவுகளும் வேண்டும். இவற்றுட் பாடநூலினின்று பெறத்தக்கது யாதொன்றும் இல்லை. ஐந்து வினாக்களையும் விளக்கும் நூல் நூலகத்தட்டில் பத்துப் படிகள் இருப்பினும், அவ்வினாக்களுக்கு விடை தரும் தாள்கள் ஒரு படியும் இல்லையாயின், அந்நூலகம் தொடர்பாடற் கல்விக்குத் துணைசெய்வதாகக் கூறுதல் பொருந்தாது.

இலங்கையில் அச்சாகும் நூல்களையும் பத்திரிகைகளையும் அரசுக்கு ஒப்படைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டத்தால் ஏற்பட்டது. அவை கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்படுகின்றன. பெரும்பணி இது. ஆயினும், அரசின் ஆட்சி செல்லாதிருந்த நிலத்தில் அச்சானவை இம்முறையால் அங்குச் சென்று சேர்தற்கு வாய்ப்பு அரிது. அன்றியும், கிளிநொச்சியிலிருந்து கொழும்பு வீதிவழியே முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. ஒரு திங்கள் இதழ்களைப் புரட்டுதற்குப் பல நாள் தங்கவேண்டிய புறநிலை மாணவனுக்கு அத்தொலைவு கிலோமீற்றரால் அளக்கத்தக்கதன்று. வாடகையாலும் உணவுச் செலவாலும் இழந்த கூலியாலும் அளக்கத்தக்கது.

அழிந்தனவும் எஞ்சியனவும்

வன்னியின் குறையை விளங்குதற்கு வடபுலம் முழுவதன் நூலக வரலாற்றையும் நோக்குதல் தகும். 1841இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய ‘உதயதாரகை’ முதல், 1889இல் எழுந்த ‘இந்து சாதனம்’, 1930 முதல் வெளிவந்த ‘ஈழகேசரி’ ஈறாகப் பத்திரிகைச் செல்வம் மிக்கது யாழ்ப்பாணம். 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலே தொடங்கிய சிறு நூலக முயற்சி யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்து, 1959இற் புதிய கட்டடத்திற் புகுந்தது. அக்கட்டடம் அமைவதற்கு ஆலோசனை வழங்கியோருள் ஒருவர் சீர்காழியிற் பிறந்து நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவர். 1981 மே 31ஆந் திகதி இரவு அந்நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அந்நாட்களிலேயே ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. செய்தியை ஆக்கும் இடமும் செய்தியைக் காக்கும் இடமும் ஒருங்கே எரிந்தமை தொடர்பாடல் வரலாற்றில் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்தின் இழப்பு உலகறிந்தது. வன்னியின் இழப்பு அத்துணை அறியப்படாதது. ஒரே இரவில் ஒரு பெருங்கட்டடம் எரிந்தது போன்ற நிகழ்ச்சி இங்கில்லை. 1996இற் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தது. 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் மக்கள் ஊர்தோறும் பெயர்ந்து, ஈற்றிற் கையிற் கொள்வதன்றி வேறெதுவுங் கொள்ளாது கடந்தனர். பள்ளி நூலகம், சனசமூக நிலையத்து வாசிகசாலை, ஆசிரியர் வீட்டு அலுமாரி, அச்சகத்துப் படிக்கட்டு என நூறு சிறிய இடங்களில் இருந்தவை நூறு நாட்களிற் சிறிது சிறிதாக அழிந்தன. வைத்திருத்தலே குற்றமாகுமோ என்ற அச்சத்தால் தாமே எரித்தோரும் புதைத்தோரும் உளர். 1990இல் தொடங்கி, பின்னர் வன்னிக்குப் பெயர்ந்து, 2009 வரை வெளிவந்த ஈழநாதத்தின் முழுத்தொடரை நிரைப்படுத்தி வைத்துள்ள வாசகசாலை வன்னியில் இருப்பதாகத் தெரியவில்லை. எரிந்த நூலகத்துக்கு நினைவுச்சின்னம் உண்டு. உதிர்ந்த நூலகத்துக்குப் பட்டியலும் இல்லை.

எழுத்தால் மட்டுமே வன்னியின் தொடர்பாடல் நிகழ்ந்தது எனக் கொள்ளுதலும் பிழையாகும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலை முன்னிட்டு நிகழும் பாக்குத்தெண்டல், திருவிழாவை ஊரவர்க்கு அறிவித்து அவரைப் பங்காளராக்கும் சடங்கு. கடல்நீரெடுத்து விளக்கேற்றும் செய்தி ஆண்டுதோறும் மக்களை ஒன்றுகூட்டும் ஆற்றலுடையது. முல்லைத்தீவுப் பகுதியிற் பயிலும் கோவலன் கூத்து, ஒரு கதையைத் தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாதாரிடத்தும் கொண்டுசென்றது. யாருக்கு, எவ்வழியால், என்ன பயனோடு என்னும் வினாக்கள் இவற்றுக்கும் பொருந்தும். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் போன்ற பழம் பதிவுகளோடு அண்ணாவிமாரின் கூத்துக் கொப்பிகளையும் ஒருங்கே வைத்து நோக்கும் மாணவனுக்கு, ஆட்சியாளர் கண்ட வன்னியும் வன்னியார் கண்ட வன்னியும் வேறுபடும் இடம் தெளிவாகும்.

குப்பை எனப்பட்டதன் பெருமை

நூலகர் எதைத் திரட்டவேண்டும் என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. நூல் என்னும் பெயருக்குரியதையே தட்டில் ஏற்றல் வேண்டும் என்பது பழைய மரபு. அம்மரபைத் தன் வாழ்நாளால் மறுத்தவர் தமிழ்நாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகிய அவர், நூல்களோடு பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு முதலியவற்றையும் திரட்டினார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994இற் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ போன்ற ஆராய்ச்சிகள், கற்றோர் இகழ்ந்த மலிவுப் பதிப்புகளையே மூலமாகக் கொண்டு எழுந்தவை. பேணுவார் இலராயின் அத்தகைய ஆராய்ச்சிக்கு இடமேது?

ஈழத்திலும் இந்நோக்குக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்த க. கைலாசபதி, முன்னர்த் தினகரன் ஆசிரியராய் இருந்தவர். கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடற் சாதனமாகக் கொண்டு 1981இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். சாதியாற் பிரிந்திருந்த தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் இருந்து பார்த்த முதற் கலையரங்கு திரைப்பட மண்டபமே என்ற அவர் கருத்து பெரிதும் அறியப்பட்டது. படத்தின் கதையை மட்டும் நோக்காது, பார்த்தோர் யார், எங்கிருந்து பார்த்தனர் என நோக்கியமையே அவர் ஆராய்ச்சியின் சிறப்பு. அத்தகைய நோக்கை மாணவர் பெறவேண்டின், நுழைவுச்சீட்டும் விளம்பரத்தாளும் சான்றாகும் என்பதை நூலகமும் ஏற்றல் வேண்டும்.

இருவகைத் தடைகள்

இங்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். போர்க்காலத் தாள்கள் ஒருபக்கச் சார்புடையன. அவற்றைப் பேணுதல் அச்சார்பைப் பேணுதலாகாதோ என்பது முதலாவது. இதற்கு விடை லாஸ்வெல்லின் வாழ்க்கையிலேயே உண்டு. முதல் உலகப்போரில் இருதிறத்தாரும் கையாண்ட பிரசார முறைகளை ஆராய்ந்து 1927இல் அவர் வெளியிட்ட நூலே அவர்க்குப் புகழ் தந்தது. அப்போரின் ஆவணங்களைத் திரட்டுதற்கென்றே 1919இற் ஸ்ரான்போட்டில் ஒரு நூலகத் தொகுப்புத் தொடங்கப்பட்டது. நஞ்சின் இயல்பை அறிய விரும்பும் மருத்துவன் நஞ்சைக் குப்பியில் அடைத்துப் பெயர் எழுதி வைக்கின்றான். அதனாற் பருகச் சொல்கின்றான் என எவருங் கூறார். வன்னியில் அச்சான தாளும், வான்வழி வீசப்பட்ட துண்டுப் பிரசுரமும், அரசு வானொலியின் அறிவித்தலும், முகாம்களில் ஒட்டப்பட்ட பெயர்ப்பட்டியலும் ஒரே தட்டில் அடுத்தடுத்து வைக்கப்படும்போதே உண்மை எவ்விடத்திற் சிதைந்தது என்பதைக் காட்டுதல் கூடும். ஒருபாலைப் பேணி மறுபாலை அழித்தலே சார்பாகும். யாவற்றையும் பேணுதல் அன்று.

எல்லாம் இணையத்தில் உளவாக, கட்டட நூலகம் எதற்கு என்பது இரண்டாவது தடை. இணையத்தின் பயனை மறுத்தற்கில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல், சஞ்சிகை, பத்திரிகை என ஓர் இலட்சத்தைக் கடந்த ஆவணங்களைக் கட்டணமின்றி எவர்க்கும் திறந்துவைத்துள்ளது. பல சஞ்சிகைகளுக்கு உள்ளடக்கப் பட்டியலும் தருகின்றது. என். செல்வராஜா இலண்டனிலிருந்து 2002 முதல் வெளியிட்டுவரும் ‘நூல்தேட்டம்’ தொகுதிதோறும் ஆயிரம் ஈழத்துத் தமிழ் நூல்களைப் பற்றிய விவரங்களைத் தருவது. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் செய்யவேண்டிய பணியைத் தனியாரும் தன்னார்வலரும் செய்தமை போற்றத்தக்கது.

எனினும், போற்றுதலோடு திறனாய்வாளன் நின்றுவிடலாகாது. பக்கத்தைப் படம்பிடித்தல் வேறு. பக்கத்திலுள்ளதைக் கண்டறிய வழிசெய்தல் வேறு. நூல்தேட்டம் நூல்களுக்கு உரியது. நாளிதழின் செய்திதோறும் பொருட்சுட்டி ஆக்குதல் அதன் நோக்கமன்று. ‘முத்தையன்கட்டுக் குளம்’ பற்றி ஐம்பது ஆண்டுகளில் எந்தெந்தத் தாள் எந்தெந்த நாளில் எழுதிற்று என அறிய விரும்பும் மாணவன், படமாக உள்ள பல்லாயிரம் பக்கங்களைத் தானே ஒவ்வொன்றாகப் புரட்டுதல் வேண்டும். இரங்கநாதன் 1931இல் வகுத்த விதிகளுள் ஒன்று வாசகனது காலத்தைச் சேமித்தல் வேண்டும் என்பது. சுட்டியில்லாத பெருந்திரட்டு அவ்விதியை நிறைவேற்றாது. அன்றியும், எவரும் கொண்டுவந்து கொடாத தாள் இணையத்தில் ஏறாது. வன்னி வீட்டுப் பரணில் எஞ்சியுள்ள ஒற்றைத்தாளை இனங்கண்டு, உடையவரிடம் நயமாகப் பேசிப் பெறுதல் அவ்வூரை அறிந்தவர்க்கே இயலும்.

துணை என்பதன் பொருள்

இவ்விடத்திலே இன்றைய நடைமுறையின் முதன்மையான குறையைச் சுட்டுதல் தகும். ஆராய்ச்சித் துணை என்பதை நூல் கொள்வனவு என்றே பெரும்பாலும் பொருள்கொள்கின்றனர். பெருந்தொகைக்கு ஆங்கிலப் பாடநூல்களும் மின்சஞ்சிகைகளும் வாங்கப்படின் கடமை முடிந்ததாகக் கருதப்படுகின்றது. ஆசிரியர் ஆய்வுத்தலைப்பை வழங்குமுன், அதற்குரிய மூலங்கள் எங்குள என நூலகரோடு கலந்துரையாடுதல் அரிது. மாணவனும் தலைப்பை ஏற்றபின்னரே நூலகத்தை நாடி, மூலமின்மை கண்டு, கிடைத்த கோட்பாட்டு நூல்களின் சுருக்கத்தை மூன்று இயல்களாக்கி, நூறு பேரிடம் வினாக்கொத்துக் கொடுத்து நான்காம் இயலை நிரப்புகின்றான். எழுதி முடிந்த ஆய்வேடோ அலுமாரியிற் பூட்டப்படுகின்றது. அடுத்த ஆண்டு மாணவன் அதே தலைப்பை மீண்டும் எடுக்கின்றான். இதன் பழி மாணவனைச் சாராது. தேடும் வழி கற்பிக்கப்படாதவன் தேடாமை குற்றமாகுமோ?

உண்மைத் துணை மூன்று கூறுகளை உடையது. திரட்டுதல், சுட்டுதல், தேடக் கற்பித்தல் என்பன அவை. முதற் கூற்றுக்கு, மூன்று மாவட்டங்களிலும் பள்ளி, பிரதேச சபை நூலகம், சனசமூக நிலையம், கோயில், தேவாலயம், தனியார் இல்லம் ஆகியவற்றில் எஞ்சியுள்ள பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் ஒரு கூட்டுப் பட்டியல் ஆக்கப்படல் வேண்டும். தாளை ஓரிடத்திற் குவிக்க வேண்டுவதில்லை. எவ்விதழ் எவரிடம் உண்டு என்பது தெரிந்தாற் போதும். இரண்டாவதற்கு, ஒரு தாளின் ஓராண்டை மட்டும் எடுத்து, ஊர்ப்பெயர், ஆட்பெயர், பொருள் என்னும் மூவகையிற் சுட்டி ஆக்கத் தொடங்கலாம். முந்நூற்றுக்கு மேற்பட்ட இதழ்களைப் பன்னிரு மாணவர் பகிர்ந்துகொள்ளின், ஒருவர் பங்கு திங்களொன்றின் இதழ்களேயாகும். உயர்தர வகுப்புத் தொடர்பாடற் பாடத்தின் செயற்றிட்டமாகவே இதனைச் செய்தல் கூடும். செய்யும் மாணவன் உள்ளடக்கப் பகுப்பாய்வின் முதற்படியைக் கைப்பழக்கத்தாற் கற்றுவிடுவான். மூன்றாவதற்கு, பல்கலைக்கழக நூலகர் ஒருவர் தொடர்பாடற் பாடத்துக்கென்றே பொறுப்பேற்று, தலைப்புத் தெரிவு முதல் ஆய்வேடு முடியுமளவும் மாணவனோடு உசாவி நிற்றல் வேண்டும். புறநிலை மாணவர்க்கும் அவ்வாயில் திறக்கப்படல் வேண்டும். பரீட்சைக் கட்டணம் பெறும் நிறுவனம் நூலக வாயிலை மட்டும் அடைத்தல் நீதியன்று.

இவற்றோடு காலந் தாழ்த்தலாகாத பணி ஒன்றுண்டு. அழிந்த தாள்களை மீட்டல் இயலாது. அவற்றை எழுதியோர், எழுத்துக் கோத்தோர், ஈருருளியிற் கட்டிச் சென்று விற்றோர், வாசிகசாலையில் உரத்துப் படித்துக் காட்டியோர் ஆகியோரின் நினைவை மீட்டல் இன்னும் இயலும். அவருள் இளையோரும் நடுவயதைக் கடந்துவிட்டனர். நினைவு தவறக்கூடியது, ஆகையால், பலரது கூற்றை ஒப்புநோக்கி, நாளும் இடமும் குறித்து, சொன்னவர் விரும்பாவிடிற் பெயரை மறைத்து, ஒலிப்பதிவாகப் பேணுதல் வேண்டும். பல்வேறு ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்த தாமோதரம்பிள்ளையின் முறை இதற்கும் ஏற்றதே.

வன்னி மாணவன் உலகக் கோட்பாடுகளைக் கற்றல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அக்கோட்பாடுகளை ஆக்கியோர் தத்தம் நகரத்துத் தாளையும் வானொலியையும் வாசகரையும் நோக்கியே அவற்றை ஆக்கினர். தன்னூர்த் தாளை நோக்காதவன் அவர் கூறியதைத் திருப்பிக் கூறுவானேயன்றி, அவர் செய்ததைச் செய்யான். அதனைச் செய்வதற்குரிய முதற் கருவி பெருங்கட்டடமன்று. பள்ளி நூலகத்தின் ஒரு மூலையில் ஒரு தட்டும், ஈரம் படாத பெட்டியும், சுட்டி எழுதுதற்கு ஒரு கட்டு அட்டையும், அவற்றைப் பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியருமே. வளரும் உயிர்ப்பொருள் நூலகம் என இரங்கநாதன் கருதினார். வளர்வது யாதாயினும் சிறிதாகவே முளைக்கும். முளைத்தற்கு வேண்டிய விதை வன்னி வீடுகளின் பரண்களில் இன்னும் சிறிது எஞ்சியுள்ளது. அடுத்த மாரிக்கு முன் அதனை இறக்கி வைத்தல் வேண்டும்.